எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 43 வயது. பதினான்கு வருஷமாகக் கதை எழுதுகிறேன். மாத நாவல்கள் இருபதுக்கு மேல் வந்திருக்கின்றன. இப்போது ஒரு ஆப்பில் தொடர்கதை எழுதுகிறேன், வாரம் மூன்று அத்தியாயம் கொடுக்க வேண்டும். கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் டூ. அவளுடைய டியூஷன் ஃபீஸ் என் எழுத்துப் பணத்தில்தான் போகிறது. முன்பு பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே ஓர் ஆவண எழுத்தர் கடையில் டைப்பிங் வேலை பார்த்துக்கொண்டே எழுதினேன். முழுநேரமும் எழுதலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டேன். முதல் வருஷம் நன்றாகப் போனது. இப்போது எட்டு மாதமாகக் கதைக் கருவே கிடைக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், மகள் ஸ்கூலிலிருந்து வரும்போது நாலு வரி கூட இருப்பதில்லை. மூன்று அத்தியாயம் பாக்கி. ஆப்காரர்கள் போன் செய்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வாசலில் கோலம் போடக்கூடப் பிடிக்கவில்லை.

காசுக்காக எழுதியதால் சரஸ்வதி கோபித்துக்கொண்டாளோ என்று தோன்றுகிறது. கோடையில் மணலாகக் கிடக்கிற காவிரி மாதிரி நானும் வற்றிவிட்டேன். எட்டுப் பவுனை அடகு வைத்து, ஆறு மாதம் சென்னையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி எழுதினால் சரியாகுமா? இல்லை, எழுத்தையே விட்டுவிடலாமா? ஒரு தோழி, கொரியன் சீரியல் கதையை நம்ம ஊர் மாதிரி மாற்றி எழுதிக் கொடு என்கிறாள்."

இன்னும் ஒரு விஷயமும் எழுதியிருக்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு மாத நாவலில், கணவரின் சித்தி தன்னை அடையாளம் கண்டுகொண்டு, "என் வீட்டு அடுப்பங்கரையை ஊருக்கே திறந்து காட்டிட்டியே" என்று அழுதிருக்கிறார். அதற்கப்புறம் நம் சகோதரி ஊர்க் கதையே எழுதுவதில்லை. எல்லாம் சென்னை ஃப்ளாட், கம்பெனி முதலாளி, கார். சென்னைக்கு அவர் மொத்தம் மூன்று தடவைதான் போயிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எழுத வரவில்லை என்று சொல்கிற கடிதம், ஏழு பக்கத்திலும் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓடுகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று இருக்கிறது.

முதலில் உடம்பு

எழுத்து மட்டும் வராமல் மற்றதெல்லாம் வழக்கம்போல் இருந்தால், இதை வேலைச் சிக்கல் என்று வைத்துக்கொண்டு நேராக யோசனை சொல்லியிருப்பேன். நீங்கள் மூன்று மணி விழிப்பையும் கோலத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் பிடித்த காரியம் பிடிக்காமல் போவது, விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வருவது, சாப்பாடு இறங்காதது, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று தோன்றுவது, இவை சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று ஒரு டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். எழுதுகிறவர்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு வந்த மனதில் கதை ஓடாது. சரியான வைத்தியம் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அது நன்றாகக் குணமாகிறது.

உங்கள் வயதில் ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியையும் மந்தத்தையும் கொண்டுவரும். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் தூக்கமும் கெடும். ஆகவே இந்த வாரமே ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்த நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் மறுநாளைக்குத் தள்ள வேண்டாம். அன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

இதைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் பேசலாம்.

சரக்கு தீர்ந்துவிட்டதா?

உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், வேலை பார்த்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்தார். கட்டைவிரல் ரேகை வைத்து முடித்ததும் மையை எங்கே துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணன் எடுத்துக் கொடுத்த புதுப் புடவையைத்தான் கட்டியிருந்தார். அதில் பட்டுவிடக் கூடாது என்று கையைத் தூக்கிப் பிடித்தபடியே பஸ் ஏறிப் போனார்.

சகோதரி, இதை எழுதிய கைக்குக் கதை தீர்ந்துவிட்டது என்று நான் எப்படி நம்புவது? பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இருந்தும் நம் ஊரில் எத்தனை தங்கைகள் ஒரு புடவைக்கும் பொங்கல் சீருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்! அது பாசமா, பயமா, பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடுமோ என்ற கவலையா? இதை அந்த ரேகை வைக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினோரு வருஷம் பார்த்தவர் நீங்கள்.

நீங்கள் வேலையை விட்டபோது சம்பளத்தோடு அந்தப் பெஞ்சையும் விட்டுவிட்டீர்கள். பஸ், டீக்கடை, பாகப்பிரிவினைக்கு வந்து முகம் பார்க்காமல் நிற்கிற அண்ணன் தம்பிகள், எல்லாம் ஒரே நாளில் நின்றுபோனது. முதல் வருஷம் நன்றாகப் போனது என்கிறீர்கள். பழைய இருப்பு அது. அப்புறம் உள்ளே ஒன்றுமே வரவில்லை. லேப்டாப்புக்கு எதிரே ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் லேப்டாப்தான் தெரியும்.

காசுக்கு எழுதுவது பாவமா?

இல்லை. இந்த எண்ணம் உங்களை மிகவும் வதைக்கிறது என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். மகளின் படிப்புக்காக எழுதுவதில் ஒரு குறையும் கிடையாது. சுத்தமான எழுத்தாளர் என்றால் எழுத்தைத் தவிர வேறு வேலை செய்யமாட்டார் என்பதும் சரியில்லை. நம் டெல்டாவிலேயே பாருங்கள். ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்தில் வக்கீலாக இருந்தார், பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். தி. ஜானகிராமன் பள்ளிக்கூட ஆசிரியர், பிறகு வானொலியில் உத்தியோகம்.

ஆனால் உங்கள் பயத்துக்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது. டெரெசா அமபிலி என்ற அமெரிக்க உளவியலாளர், எழுதும் வழக்கம் உள்ள 72 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வை 1985-இல் வெளியிட்டார். கவிதை எழுத உட்காருவதற்கு முன்னால் சிலரை, பணம், பெயர், பாராட்டு போன்ற வெளிக் காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார். வேறு சிலரை, எழுதுவதில் கிடைக்கிற சந்தோஷத்தைப் பற்றிய காரணங்களை வரிசைப்படுத்தச் சொன்னார். வெளிக் காரணங்களைச் சில நிமிஷம் நினைத்துவிட்டு எழுதியவர்களின் கவிதைகள்தான் மட்டமாக வந்தன. மதிப்பெண் போட்டவர்கள் கவிஞர்கள்.

நீங்கள் எழுத உட்காருவதற்கு முன் என்ன செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஆப்பைத் திறந்து எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை ஸ்டார், இந்த மாதம் எவ்வளவு வரும் என்று பார்க்கிறீர்கள். பணக் கணக்கு அவசியம்தான். அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் பத்து நிமிஷம் உங்களுக்குப் பிடித்த யாருடைய கதையிலாவது இரண்டு பக்கம் படியுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

மூடு வரட்டும் என்று காத்திருப்பதைப் பற்றியும் ஒன்று. ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர், எழுத வராமல் திண்டாடிய கல்லூரி ஆசிரியர்களைப் பிரித்து, ஒரு பிரிவைத் தோன்றும்போது மட்டும் எழுதச் சொன்னார், இன்னொரு பிரிவைக் குறித்த நேரத்தில் எழுதியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். 1983-இல் வெளியான ஆய்வு அது. கட்டாயமாக எழுதியவர்கள் அதிகப் பக்கம் எழுதினார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. புது யோசனைகளும் அவர்களுக்குத்தான் அடிக்கடி வந்தன. உங்களுக்கு ஆறு மணி நேரம் வேண்டாம். காலையில் டீ குடித்ததும் முக்கால் மணி நேரம், தினமும் ஒரே இடத்தில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. வந்தது நன்றாக இல்லையென்றாலும் எழுந்துவிடுங்கள், மறுநாள் அதே நேரத்துக்கு உட்காருங்கள்.

வற்றிய காவிரி

ஆற்றை உதாரணம் சொன்னீர்கள். நான் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை, அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். திறப்பது ஜூன் 12. இடையில் ஆறு மணலாகத்தான் கிடக்கும். அந்த மாதங்களில் வயல் சும்மாவா கிடக்கிறது?

சம்பா நெல்லோ தாளடி நெல்லோ அறுப்புக்கு வர ஏழிலிருந்து பத்து நாள் இருக்கும்போது அப்பா தினமும் வயலில் இறங்கி மண்ணை மிதித்துப் பார்ப்பார். கால் புதையக் கூடாது, மண் இறுகியும் இருக்கக் கூடாது, மெழுகு மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைக் கைவீச்சாகத் தெளிப்பார். கதிர் தலைக்கு மேல் இருக்க, அடியில் உளுந்து முளைக்கும். நெல்லை அறுத்தெடுத்துப் போன பிறகு பார்த்தால் தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு நிற்கும். அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மிச்ச ஈரமும் இரவுப் பனியும் போதும். ஒரு வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, அறுப்பெல்லாம் முடிந்த பிறகு தெளித்தார். மண் இறுகிவிட்டது. விதைத்ததில் பாதி முளைக்கவில்லை.

நீங்கள் ஒரு தொடரை முடித்து, 'முற்றும்' போட்டு, பணம் வந்து, இரண்டு வாரம் இளைப்பாறிவிட்டு அப்புறம் அடுத்த கருவைத் தேடுகிறீர்கள். அதற்குள் மண் இறுகிவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் கதையின் கடைசி ஐந்தாறு அத்தியாயம் பாக்கி இருக்கும்போதே மனசு ஈரமாக இருக்கும், பாத்திரங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த கதையின் ஒரு காட்சியை, ஒரே ஒரு பக்கம், அப்போதே எழுதி வையுங்கள். நல்லதாக இருக்க வேண்டியதில்லை, முளைத்தால் போதும். தினப்படி வேலையிலும் இதையே செய்யலாம். காட்சி முழுக்க முடிகிற வரை எழுதிக் களைத்து எழுந்திருக்காமல், அடுத்து என்ன என்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் வெற்றுப் பக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

உளுந்து சின்னப் பயிர் என்பதையும் கவனியுங்கள். நெல்லுக்கு மேல் நெல்லாகவே போட்டுக்கொண்டிருந்தால் மண் தாங்காது. நூறு அத்தியாயத் தொடர் முடிந்த கையோடு இன்னொரு நூறு அத்தியாயம் ஒப்புக்கொள்ளாமல், நடுவில் ஒரு சிறுகதையோ ஒரு சிறுவர் கதையோ எழுதுங்கள்.

சென்னையா, பழைய பெஞ்சா?

எட்டுப் பவுனை அடகு வைக்க வேண்டாம். மகள் பொதுத்தேர்வு எழுதும் வருஷத்தில் நீங்கள் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்தால், கதைக்குப் பதில் அவள் சாப்பிட்டாளா என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வட்டி மாதாமாதம் ஏறும், அந்தப் பயத்தில் கை இன்னும் இறுகும். மனச்சோர்வு இருக்கிறதா என்றே தெரியாத நேரத்தில் வீட்டை விட்டுத் தனியாக இருப்பதும் நல்லதில்லை. எழுத்தை விடுவதா என்ற முடிவையும் இப்போது எடுக்காதீர்கள். தூக்கம் சரியாகட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

ஆவண எழுத்தர் "எப்ப வேணும்னாலும் வாங்கம்மா" என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் காலை வேளை மட்டும் போங்கள் என்பது என் யோசனை. தோற்றுப்போய்த் திரும்பியதாக ஊர் நினைக்குமோ என்று உங்களுக்குக் கூச்சம். இருக்கட்டும், நாலு நாள் பேசுவார்கள். மாதம் ஒரு நிலையான தொகை வரும், அதனால் ஆப்பில் வாரம் மூன்று அத்தியாயத்தை இரண்டாகக் குறைத்துக் கேட்கும் தைரியமும் வரும். நேரம் குறையும் என்பது உண்மையான நஷ்டம்தான். ஆனால் இப்போது இருக்கிற ஆறு மணி நேரத்தில் நாலு வரிதானே வருகிறது?

வேலை இல்லாத நாட்களில் அரை மணி நேரம் ஆற்றங்கரையில் நடங்கள். நடக்கும்போது மக்களுக்குப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்ததாக 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. அறுப்புக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போய் நில்லுங்கள். 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்று, வந்த நெல்லைத் திரும்பவும் தரையில் பரப்பிக் காலால் கோடு கோடாகக் கிளறிவிடும் பெண்களைப் பாருங்கள். மழை மேகம் வந்தால் தார்ப்பாயைப் பிடிக்க யார் முதலில் ஓடுகிறார்கள், யார் தன் நெல்லை விட்டுவிட்டுப் பக்கத்து நெல்லுக்கு ஓடுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், இரண்டே வரி, பழைய நோட்டில் எழுதி வையுங்கள். கதையாக்க வேண்டும் என்று அப்போதே நினைக்க வேண்டாம்.

சித்தியின் கோபம்

இதைத்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமான இடமாக நான் நினைக்கிறேன். அன்றைக்கு நீங்கள் ஒரு கதவைச் சாத்தினீர்கள், தெரிந்ததெல்லாம் அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சித்தியின் வருத்தம் நியாயமானது, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய வீடு, அவருடைய நகை, அவர் சொன்ன வாக்கியம், எல்லாம் அப்படியே வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்யக் கூடாது. ஒருவரின் மனநிலையை எடுத்துக்கொள்ளுங்கள், அதை வேறு தொழிலில், வேறு வயதில், வேறு ஊரில் வையுங்கள். இரண்டு மூன்று பேரை ஒருவராக்குங்கள். தெருப் பெயர், சாதி அடையாளம், நோய், பத்திரத்தில் பார்த்த சர்வே எண், தொகை எதுவும் வேண்டாம். கடைக்கு வந்தவர்கள் நம்பிக்கையோடு வந்தவர்கள், அவர்களுடைய ஆவணம் கதைக்கு வரக் கூடாது. படித்தால் அந்த ஆளே தன்னை அடையாளம் காண முடியுமா என்று ஒவ்வொரு கதைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் எப்போதாவது சித்தி வீட்டுக்கு ஒரு நடை போய், "தப்புதான் சித்தி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து வருஷமாக உங்கள் இருவருக்கும் நடுவில் அது கிடக்கிறது.

ஒப்பந்தமும் பாக்கியும்

நாளைக் காலையில் நீங்களே ஆப்காரர்களைக் கூப்பிடுங்கள். உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் வேண்டும், இன்ன தேதியில் முதல் அத்தியாயம் தருகிறேன் என்று தேதியோடு சொல்லுங்கள். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவர்களைக் கோபப்படுத்தும். ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறீர்கள், அதை எடுத்துப் படியுங்கள். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

கொரியன் சீரியல் வேண்டாம். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது உண்மை, ஆனால் காட்சிக்குக் காட்சி மாற்றி எழுதினால் அது யோசனையோடு நிற்காது. மாட்டிக்கொண்டால் பதினான்கு வருஷப் பெயர் போய்விடும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலை அந்த முக்கால் மணி நேரத்தில், பாக்கி அத்தியாயத்தைத் தொட வேண்டாம். கையைத் தூக்கிப் பிடித்தபடி பஸ் ஏறினாரே, அந்த அம்மாவைத் தஞ்சாவூர்ப் பக்கமோ நாகப்பட்டினம் பக்கமோ வேறு ஒரு பஸ்ஸில் ஏற்றுங்கள், வேறு புடவை கட்டிவிடுங்கள். டிக்கெட் எடுக்க முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டும், ஒரு கையில் மை. கண்டக்டர் பக்கத்தில் வந்து நிற்கிறார். அங்கிருந்து எழுதுங்கள்.